மூளையின் எரிபொருளும் தாய்வழி மரபும்

(சிந்தாதிரிப்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூவம் மூன்று புறமும் வளைந்தோட, 1734-ஆம் ஆண்டில் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்கென்று கும்பினியார் உண்டாக்கிய இந்தப் பேட்டையில் நின்றுகொண்டு மூளையைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் பேசப் புகும் ஒருவனுக்கு, உதாரணங்களைத் தேடிச் சீமைக்குப் போகவேண்டிய அவசியமில்லை. ஆற்றைக் கடந்து சிறிது தூரம் நடந்தால், சென்னையில் நரம்பியல் அறுவை சாஸ்திரத்துக்கு 1950-ஆம் ஆண்டையொட்டி டாக்டர் பி. ராமமூர்த்தி அவர்கள் கால்கோள் செய்த அரசினர் பொது மருத்துவமனை. மற்றொரு திசையில், 1794-இல் தோன்றிப் பின்னர் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் பெயர்ந்த மனநல மருத்துவமனை. இன்னொரு புறம், திருவல்லிக்கேணியின் ஹிந்து உயர்நிலைப் பள்ளி. நான் இன்று சொல்லப் போகும் வரலாற்றில் இம்மூன்று இடங்களுக்கும் பங்கு உண்டு.

பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்குகிறேன். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணிப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, வறுமையோடும் நோயோடும் போராடிக்கொண்டே 1923-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த எல்லப்பிரகட சுப்பாராவ் என்னும் மேதையை நம்மவர்கள் போதிய அளவு நினைவில் வைத்திருக்கவில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. ஹார்வர்டில் ஃபிஸ்கே என்ற பேராசிரியரோடு சேர்ந்து அவர் 1927-இல் தசைக்குள் கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் பொருள் இருப்பதையும், 1929-இல் ஏ.டி.பி. என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் பொருள் இருப்பதையும் கண்டறிந்தார்; அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டார். நாம் உண்ணும் சோறு எந்த வடிவத்தில் தசையின் அசைவாகவும், நரம்பின் துடிப்பாகவும், சிந்தனையாகவும் செலவாகிறது என்ற கேள்விக்கு, சரீர சாஸ்திரம் அன்றுதான் விடையின் நுனியைப் பற்றிக்கொண்டது.

அந்த ஏ.டி.பி.யின் பெரும்பகுதி உற்பத்தியாகுமிடம், ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் காணப்படும் மைட்டோகாண்ட்ரியா. இழைமணி என்று நம் பாடநூல்கள் அதற்கு அழகாகப் பெயரிட்டிருக்கின்றன. சரீரத்தின் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவிகிதந்தான். ஆயினும் நாம் சும்மா அமர்ந்திருக்கும்போதுகூட உடல் கொள்ளும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 சதவிகிதம் அதற்கே போகிறது. ஆகவே இழைமணிகள் தளர்ந்தால் முதலில் தடுமாறும் உறுப்புகளுள் மூளை இருப்பதில் ஆச்சரியமில்லை. கண்ணின் நரம்பு, காதின் உள்ளுறுப்பு, இருதயம், தசை, இன்சுலின் சுரக்கும் கணையம் ஆகிய உழைப்பு மிகுந்த உறுப்புகளும் அதே வரிசையில் நிற்கின்றன. இந்த உறுப்புகளின் பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பின்னர் இவை ஒன்றாகச் சேர்ந்து வரும்.

இழைமணிக்கு விசேஷமான ஒரு குணம் உண்டு. ஆதியில் தனித்து வாழ்ந்த ஒரு நுண்ணுயிர், வேறோர் உயிரணுவுக்குள் புகுந்து, அங்கேயே குடித்தனம் நடத்தி, பல கோடி ஆண்டுகளில் அதன் அங்கமாகவே ஆகிவிட்டது என்பது இன்றைய உயிரியலார் பொதுவாக ஏற்றுக்கொண்ட கொள்கை. அந்தப் பூர்வாசிரமத்தின் அடையாளமாக, உட்கருவின் டி.என்.ஏ.வுக்குப் புறம்பாக, தனக்கென்று ஒரு சிறு டி.என்.ஏ.வை அது இன்றளவும் வைத்திருக்கிறது. 1963-இல் ஸ்டாக்ஹோமில் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் தம்பதியர் இதனை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார்கள்; 1981-இல் கேம்பிரிட்ஜில் அதன் எழுத்துகள் முழுவதும் படித்து முடிக்கப்பட்டன. எழுத்துகள் 16,569; மரபணுக்கள் 37. ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துகள் கொண்ட உட்கருவின் மரபுநூலோடு ஒப்பிட்டால் இது ஒரு துண்டுச் சீட்டு, ஆனால் ஏ.டி.பி. உண்டாவதற்கு இன்றியமையாத 13 புரதங்களின் விதி அச்சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது.

அச்சீட்டு தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தந்தையின் விந்தணுவிலும் இழைமணிகள் உண்டெனினும், கருமுட்டைக்குள் புகுந்த பின் அவை அழிக்கப்பட்டுவிடுகின்றன. ஆணும் பெண்ணும் தாயிடமிருந்து பெறுகிறார்கள். ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பவள் பெண் ஒருத்தியே. ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜும் அவருடைய சகாக்களும் அந்தமான் பழங்குடியினரின் பூர்வோத்தரத்தை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டபோது இந்தத் தாய்வழிச் சீட்டையே பிரமாணமாகக் கொண்டார்கள். வம்ச சரித்திரம் சொல்லும் அதே சீட்டு, சில குடும்பங்களில் நோயின் சரித்திரத்தையும் சொல்லுகிறது.

எவ்வாறு என்பதைச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தச் சீட்டின் பிரதிகள் ஓர் உயிரணுவில் ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பிழையுள்ள பிரதியும் பிழையற்ற பிரதியும் கலந்தே இருக்கலாம். கறுப்பு மணிகள் கலந்த அரிசி மூட்டையிலிருந்து பிடிப்பிடியாக அள்ளினால், ஒரு பிடியில் நாலே கறுப்பும் மற்றொரு பிடியில் பாதிக்குமேல் கறுப்பும் வருவது போல, ஒரே தாயின் கருமுட்டைகளிலும் பிழையின் விகிதம் மிகவும் வேறுபடும். பிழையுள்ள பிரதிகள் பொதுவாக அறுபது சதவிகிதத்துக்கு மேல், சிலவற்றில் தொண்ணூறு வரை, போனால்தான் அந்த உறுப்பு தளர்ச்சியைக் காட்டத் தொடங்குகிறது. ஆகவே ஒரே வயிற்றில் பிறந்தவர்களுள் ஒருவன் வாழ்நாள் முழுவதும் திடகாத்திரமாக இருக்க, இன்னொருத்திக்கு நாற்பது வயதில் நீரிழிவும் காது மந்தமும் மட்டும் வர, மூன்றாமவனுக்கு இளமையிலேயே மூளை பாதிக்கப்படுவது சாத்தியம்.

இதற்குப் பிரசித்தமான திருஷ்டாந்தம், அச்சீட்டின் 3243-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறிப் போவது. 1990-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதனைக் கண்டறிந்தார்கள். இப்படி ஒரு குடும்பத்தைச் சற்றே பாவித்துப் பாருங்கள். பாட்டிக்கு நடுவயதில் சர்க்கரை வந்தது, காதும் மந்தம். ஒல்லியான தேகம், ஆகவே எப்படிச் சர்க்கரை வந்தது என்று அண்டை அயலார் அதிசயித்தார்கள். தாய்க்கு அடிக்கடி ஒற்றைத் தலைவலி. பெரியம்மாவுக்கு இருதயத் தளர்ச்சி. பேரன் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை, விளையாட்டில் சீக்கிரம் களைத்துப் போவான். அது அவன் இயல்பென்று விட்டுவிட்டார்கள். இருபது வயதில் ஒருநாள் அவன் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்குகிறான், யாரோ தன்னைத் துரத்துவதாக அஞ்சுகிறான், தூக்கம் போய்விடுகிறது. குணசீலத்துக்கும் சோளிங்கருக்கும் ஏர்வாடிக்கும் அழைத்துச் செல்கிறார்கள். பின்பு மனநல மருத்துவர் மனச்சிதைவு என்று முடிவு செய்கிறார். சில மாதங்களில் வாந்தியும் வலிப்பும் வந்து, பக்கவாதம் போல ஒரு கை விழுந்த பிறகே, இழைமணித் தளர்ச்சிக்கு அறிகுறியான லாக்டிக் அமிலம் இரத்தத்தில் எவ்வளவு என்று முதன்முதலாக ஒருவர் கேட்கிறார். பாட்டியைச் சர்க்கரை வைத்தியரும், அவள் காதைக் காது வைத்தியரும், பெரியம்மாவை இருதய வைத்தியரும், பேரனை மனநல வைத்தியரும் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் துறையில் செய்ததில் குறையில்லை. குடும்பத்தை ஒன்றாகப் பார்த்தவர்தாம் ஒருவரும் இல்லை.

குடும்பத்தை ஒன்றாகப் பார்ப்பதற்குத் தமிழ் மக்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதை நம் மருத்துவக் கல்லூரிகள் உபயோகித்துக்கொள்ளவில்லை. தாயோடு பிறந்த பெரியம்மா, சித்தி ஆகியோரின் மக்கள் நமக்கு அண்ணன் தங்கை முறை; அவர்களும் நாமும் ஒரே இழைமணி மரபைச் சுமப்பவர்கள். தாய்மாமனும் அதே மரபைச் சுமக்கிறார், நோயுறவும் கூடும். ஆனால் அவர் அதைத் தம் மக்களுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே மாமி வேறு குடும்பத்துப் பெண்ணாயின், முறைப்பெண்ணான மாமன் மகளுக்கு அந்த மரபு இல்லை. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் இதில் சம்பந்தமே கிடையாது. ‘தாய்வழியில் யாருக்கேனும் காது மந்தம், சர்க்கரை, கண் மங்கல், வலிப்பு, இருதயத் தளர்ச்சி, மனநோய் உண்டா? அம்மாச்சிக்கு? பெரியம்மா சித்தி பிள்ளைகளுக்கு? தாய்மாமனுக்கு?’ என்று முறை சொல்லிக் கேட்டால், எழுத்தறியாத மூதாட்டியும் நொடியில் விடை சொல்லுவாள். ‘குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா?’ என்று பொதுப்படையாகக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் சொல்லுவாள். ஏனெனில் பேரனுக்கு வந்த நோயும் தனக்கு வந்த சர்க்கரையும் ஒன்றே என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இத்தகைய நோய்கள் மிக அபூர்வமானவை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் எடுத்த கணக்கின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய 4,300 பேருக்கு ஒருவர் இழைமணி நோயால் பாதிக்கப்பட்டோ பாதிக்கப்படும் நிலையிலோ இருக்கிறார். நம் நாட்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் இத்தகைய நோயாளிகளைத் தசைத் துணுக்கு ஆராய்ந்தும் மரபணு படித்தும் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். இளைஞர்களின் பார்வையைச் சில வாரங்களில் பறித்துவிடும் லெபர் நோயை மதுரை அரவிந்த் நிறுவனத்தார் மரபணு வழியில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இனி மனநோய்களுக்கு வருகிறேன். இங்கே மிகுந்த நிதானம் தேவை. இழைமணி நோயுள்ளவர்களுக்கு மனநோய் மிகுதியாக வருகிறது என்பது ஐயமற்றது; அமெரிக்காவில் வயதுவந்த 36 நோயாளிகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டபோது, அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தது தெரிந்தது. ஆனால் மனநோயுள்ளவர்கள் எல்லோரும் இழைமணி நோயாளிகள் என்று இதைத் திருப்பிப் போடுவது தர்க்கப் பிழை. அவ்வாறு திருப்பிப் போட்டுச் சக்தி மாத்திரைகளை விற்கத் தொடங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மக்கள் ஏமாறக் கூடாது என்பதனாலேயே இதை அழுத்திச் சொல்லுகிறேன்.

திருப்பிப் போடாமல், எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போனவர் ஜப்பானியரான ததாஃபுமி காட்டோ. மனம் உச்சிக்கும் பாதாளத்துக்குமாக ஊசலாடும் இருமுனை மனநோயுள்ளவர்களின் மூளையை, காந்த அதிர்வு நிறமாலை முறையால் மண்டையைத் திறவாமலே அளந்து பார்த்து, அந்நோயின் ஒரு வகையில் கிரியேட்டின் பாஸ்பேட் குறைந்திருப்பதாக 1994-இல் அவர் அறிவித்தார்; 2000-ஆம் ஆண்டில், இந்நோயில் இழைமணியின் தளர்ச்சிக்கு ஒரு பங்கு உண்டென்னும் கொள்கையை முன்வைத்தார். கிரியேட்டின் பாஸ்பேட்! திருவல்லிக்கேணியில் படித்த ஒரு பிள்ளை 1927-இல் தசைக்குள் கண்டெடுத்த அதே பொருள். மனத்தின் நோயை அளக்க ஒருநாள் அது துணையாகும் என்று சுப்பாராவ் கனவிலும் கருதியிருக்க மாட்டார். காட்டோவின் கொள்கை இன்னும் வாதத்துக்கு உட்பட்டதே. எனினும் மனநோய் என்பது குணக்கேடோ வளர்ப்புக் குறையோ என்று இன்னமும் பேசுகிற ஒரு சமூகத்தில், அது உயிரணுவின் வரவு செலவையும் பொறுத்தது என்று காட்டியதே பெரும் உபகாரம்.

நம் ஊரிலேயே நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. டாக்டர் சாரதா மேனன் அவர்களும் டாக்டர் தாரா அவர்களும் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளோடு கூடி, மனச்சிதைவு நோயுள்ள தென்னிந்தியர்களின் மரபணுக்களை ஆராய்ந்தது. 2019-இல் வெளியான அதன் முடிவு, நியாசின் என்னும் வைட்டமினை உடல் கையாளும் வழியில் பங்குபெறும் ஒரு மரபணுவைச் சுட்டியது. அம்மரபணு உட்கருவில் இருப்பது, தாய்வழிச் சீட்டில் இருப்பதன்று. ஆனால் நியாசினிலிருந்து உடல் செய்துகொள்ளும் என்.ஏ.டி. என்ற பொருள் இல்லாமல் இழைமணி ஒரு கணமும் இயங்காது. நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோயில் தோல் கருகுவதோடு புத்தியும் பேதலிக்கும் என்பதை வைத்தியர்கள் அறிவார்கள். சோளம் உண்ணும் தக்காணத்து ஏழைகளிடையே அந்நோயை ஆராய்ந்தவர், சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன் அவர்கள். ஓர் ஆராய்ச்சியின் முடிவை மற்றவர்களும் செய்து உறுதிப்படுத்திய பின்பே சித்தாந்தமாகக் கொள்ள வேண்டும். ஆகவே யாரும் இதைக் கேட்டு வைட்டமின் வாங்க ஓடவேண்டாம். ஆனால் தமிழ் நோயாளிகள் தந்த இரத்தத்திலிருந்து உலகுக்குப் புதிதாய் ஒரு கேள்வி பிறந்தது என்பது நாம் மதிக்கத்தக்க செய்தி.

அறிவியல் சர்ச்சைகளைத் தீர்க்கும்வரை காத்திராமல் இன்றே செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. சோடியம் வால்புரோயேட் என்னும் மருந்து வலிப்புக்கும் இருமுனை மனநோய்க்கும் நாடெங்கும் வழங்கப்படுகிறது. லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றுகிற நல்ல மருந்து. ஆனால் இழைமணி டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் ‘போல்ஜி’ என்ற மரபணுவில் கோளாறுள்ளவர்களுக்கு அதே மருந்து ஈரலைப் பழுதாக்கி உயிரையும் வாங்கிவிடக் கூடும். இம்மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது. இழைமணிப் புரதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இவ்வாறு உட்கருவின் மரபுநூலிலிருந்தே உண்டாகின்றன. சொந்தத்தில் மணம் செய்யும் வழக்கமுள்ள நம் நாட்டில் இதன் முக்கியத்துவம் சொல்லாமலே விளங்கும். காரணம் தெரியாத வலிப்போடு தசைத் தளர்ச்சியோ ஈரல் கோளாறோ சேர்ந்து வரும் பிள்ளைக்கு வால்புரோயேட் எழுதுமுன் வைத்தியர் சற்றே நின்று யோசிக்க வேண்டும். இம்மருந்தை ஏற்கெனவே உட்கொள்பவர்கள், என் பேச்சைக் கேட்டு ஒரு வேளை மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வலிப்பு மூண்டுவிடும்.

நம் நகரத்தின் பெயரையே சுமந்து உலக மருத்துவ நூல்களில் நிற்கும் ஒரு நோய் உண்டு. 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் சென்னையில் கண்டு எழுதிய அது, ‘மதராஸ் இயக்க நரம்பணு நோய்’ எனப்படுகிறது. சிறுவயதிலேயே கைகால்கள் மெலிந்து, முகமும் நாவும் தளர்ந்து, அதோடு காதும் கேளாமல் போவது அதன் லக்ஷணம். பெரும்பாலும் தென்னிந்தியரிடமே காணப்படுகிறது. ஒரு பிரிவில் கண்ணின் நரம்பும் வற்றிவிடுகிறது. நரம்பு, காது, கண் என்று இவை ஒன்றாகச் சேர்ந்து வருவதைக் கேட்டவுடன் இழைமணியின் நினைவு எழுவது இயற்கையே. இதையே பெரிதும் ஒத்த வேறொரு நோயில், ரைபோஃபிளேவின் வைட்டமினை உயிரணுவுக்குள் கொண்டு சேர்க்கும் மரபணு கெட்டிருப்பது 2010-இல் தெரியவந்து, மிகுதியான அளவில் அவ்வைட்டமின் கொடுக்கப்பட்ட குழந்தைகள் பலர் தேறினார்கள். அப்படியாயின் மதராஸ் நோயும் அதுதானோ என்று பெங்களூராரும் லண்டனாரும் சேர்ந்து பார்த்தார்கள். அன்று என்று 2013-இல் விடை கிடைத்தது. விவரிக்கப்பட்டு அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அந்நோயின் மரபணுக் காரணம் நிலைநாட்டப்படவில்லை. நம் ஊர்ப் பெயர் தாங்கிய நோயின் மூலத்தை நம் ஊர்ப் பிள்ளைகளே கண்டு சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. இங்கே அமர்ந்திருக்கும் மருத்துவ மாணவர்களை நோக்கியே இதைச் சொல்லுகிறேன்.

முடிப்பதற்கு முன் என் மனத்தை அழுத்துகிற ஒரு விஷயம். ‘தாய்வழி’ என்று நான் பலமுறை சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு நோய் என்றால் மருமகளின் ஜாதகத்தையும் பிறந்த வீட்டையும் தூற்றுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன; அத்தகைய வீட்டில் இந்தச் சாஸ்திரம் ஒரு புதிய சாட்டையாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். ஆகவே தெளிவாகச் சொல்லுகிறேன். இழைமணி நோய்களில் கணிசமான ஒரு பங்கு தந்தையும் தாயும் சேர்ந்து கொடுத்த மரபணுக்களால் வருவது. தாய்வழியில் வருவதும் அவள் செய்த வினையால் வருவதன்று. அவளும் தன் தாயிடமிருந்து பெற்றவள். பல சமயம் அவளிடம் பிழையே இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. பிழையின் விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. அறிந்துகொள்வதால் அவளுக்கு நன்மையே உண்டு: சர்க்கரையையும் இருதயத்தையும் காதையும் முன்கூட்டியே கவனித்துக்கொள்ளலாம், மரபியல் ஆலோசனை பெற்று அடுத்த மகப்பேற்றைத் திட்டமிடலாம். பிரிட்டனில் 2015-இல் சட்டம் இயற்றி, வேறொரு பெண்ணின் நல்ல இழைமணிகளைக் கொண்டு கரு உண்டாக்க அனுமதித்தார்கள். அம்முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாக நியூகாசில் மருத்துவர்கள் 2025 ஜூலையில் அறிவித்திருக்கிறார்கள்.

பொது மருத்துவமனைக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் சிறியது: நோயாளியின் குறிப்பேட்டில் தாய்வழி உறவினரை முறை வாரியாக எழுத ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இங்கே கூடியிருக்கும் குடும்பத்தினருக்கு என் வேண்டுகோள்: பாட்டிமார் உயிரோடிருக்கும்போதே தாய்வழியில் யார் யாருக்கு என்ன நோய் இருந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள், மனநல மருத்துவரிடமோ நரம்பு மருத்துவரிடமோ போகும்போது அந்தத் தாளை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.